போதை ஊசி போடுபவர்களுக்கு இலவசமாகப் புது ஊசி கொடுப்பது சரியா?

மார்ச் 2, 2024 (வாசகர் கேள்வி)

வடசென்னையில் இருக்கிறேன். எங்கள் தெருவில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றிக்கொள்ளும் பையன்கள் சில பேர் இருக்கிறார்கள். போலீஸ் பிடிக்கிறது, விடுகிறது. இதற்கு நடுவில் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர் வாராவாரம் வந்து அவர்களுக்குப் புது ஊசி கொடுத்துவிட்டுப் போகிறார். கேட்டால் அரசுத் திட்டம் என்கிறார். திருடன் கையில் சாவியைக் கொடுப்பது போல இல்லையா இது? எய்ட்ஸைத் தடுக்கிறோம் என்று சொல்லி போதையை வளர்க்கிறார்கள். தெரிந்தவர்கள் பதில் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

கொடுக்கத்தான் வேண்டும். இந்த மாதிரி ஒரு திட்டத்தில் பல வருடம் நர்ஸாக இருந்தவள் நான், அதனால் சொல்கிறேன். அந்த ஆள் வருவதற்கு முன்பே உங்கள் தெருப் பையன்கள் ஊசி போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாளை அவர் வராவிட்டாலும் போடுவார்கள். அன்றைக்கு நாலு பேருக்கு ஒரே ஊசி இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவன் குத்திக்கொண்ட சிரிஞ்சில் தங்கிவிடும் ரத்தம் அடுத்தவன் நரம்புக்குள் போகிறது. அந்த ரத்தத்தில்தான் எச்.ஐ.வி. இருக்கிறது, மஞ்சள் காமாலை பி, சி (ஹெபடைடிஸ் பி, சி என்னும் கல்லீரல் தொற்றுகள்) இரண்டும் இருக்கின்றன.

மார்ச் 3

நேற்று தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாக எழுதினேன். கேள்வி கேட்டவர் நியாயமான கவலையோடுதான் கேட்டிருக்கிறார், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஊசி கிடைக்காமல் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ. 1980-களின் தொடக்கத்தில் அங்கே ஹெராயின் வெள்ளமாக வந்தது. அதே நேரத்தில் சிரிஞ்ச் விற்றுக்கொண்டிருந்த கடை விற்பனையை நிறுத்தியது. போலீஸ் சோதனை போட்டு, கையில் இருந்த ஊசிகளையும் பிடுங்கியது. ஒரு ஊசி பல கைகளுக்குப் போக ஆரம்பித்தது. மியூர்ஹவுஸ் பகுதியில் ராய் ராபர்ட்சன் என்று ஒரு குடும்ப மருத்துவர். ஊசி போடுபவர்களிடம் மஞ்சள் காமாலை பி பரிசோதனைக்காக எடுத்த ரத்த மாதிரிகள் அவரிடம் சேமிப்பில் இருந்தன. 1985-ல் எச்.ஐ.வி. பரிசோதனை வந்ததும் அவற்றை எடுத்துச் சோதித்தார்கள். 164 பேரில் 51 சதவீதம் பேருக்கு எச்.ஐ.வி. 1986-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அந்தக் கட்டுரை வந்தது. பழைய மாதிரிகளை வைத்துப் பார்த்தபோது வைரஸ் அங்கே நுழைந்தது 1983 வாக்கில் என்று தெரிந்தது. இரண்டே வருடத்தில் பாதிப் பேர்.

கிளாஸ்கோ அங்கிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். அதே ஹெராயின்தான், ஊசி போடுபவர்களும் அங்கே அதிகம். ஆனால் எச்.ஐ.வி. மிகக் குறைவு. இரண்டு ஊர் ஜனங்களும் குணத்தில் மாறுபட்டவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மார்ச் 3, மாலை

"அது வெள்ளைக்காரன் கதை, நம் ஊரில் நடந்ததைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சரி.

மணிப்பூர். பர்மா எல்லையில் இருக்கிறது, மோரே வழியாக வெள்ளை ஹெராயின் தாராளமாக வந்தது. அங்கே அதை 'நம்பர் ஃபோர்' என்பார்கள். 1989-ல் அங்கே ஊசி போடுபவர்களிடம் எச்.ஐ.வி. தென்படத் தொடங்கியது. அடுத்த வருடத்துக்குள் சோதித்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இருந்தது. அப்புறம் அது அவர்கள் மனைவிகளுக்குப் போனது, பிறந்த குழந்தைகளுக்குப் போனது. ஊசியையே பார்த்திராத பெண்கள் அவர்கள்.

சென்னைக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் முதல்முதலில் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதே 1986-ல் நம் சென்னையில்தான். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். அது பாலியல் தொழில் செய்த பெண்களிடம். போதை ஊசி பற்றி அன்றைக்கு யாரும் பெரிதாகப் பேசவில்லை. இங்கே பிரவுன் சுகரை (மட்டமான ஹெராயின்) புகைத்துக்கொண்டிருந்தவர்கள், அது கிடைப்பது குறைந்து விலையும் ஏறிய பிறகு, 1990-களில் புப்ரெனார்ஃபின் என்ற வலி ஊசி மருந்துக்கு மாறினார்கள். மருந்துக்கடையில் குறைந்த காசுக்குக் கிடைத்தது. புகையில் ரத்தம் கைமாறாது, ஊசியில் மாறும். சரக்கு கிடைப்பதை நிறுத்திவிட்டோம் என்று ஒரு பக்கம் மகிழ்ந்துகொண்டிருந்தபோது, இன்னொரு பக்கம் நோய்க்கு வழி திறந்தது. இன்றைக்கு வலி மாத்திரையில் நடப்பதும் அதேதான். ஒன்றை அடைத்தால் இன்னொன்று வருகிறது, பெரும்பாலும் முன்னதைவிட மோசமாக.

2021-ல் நாக்கோ (மத்திய அரசின் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) எடுத்த கணக்குப்படி நாட்டில் ஊசி போடுபவர்களில் 9 சதவீதம் அளவுக்கு எச்.ஐ.வி. பொதுவில் பெரியவர்களுக்கு 0.21 சதவீதம்தான். எத்தனை மடங்கு என்று நீங்களே பாருங்கள்.

மார்ச் 4

மருந்துக்கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார்: "முகத்தைப் பார்த்தாலே தெரியும், அவர்களுக்கு சிரிஞ்ச் தருவதில்லை என்று முடிவே எடுத்திருக்கிறேன்."

அண்ணே, மாத்திரையைத் தராதீர்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரையை அட்டை அட்டையாகத் தருபவர்கள்தான் இந்தப் பிரச்சினையின் வேர். சிரிஞ்ச் வேறு விஷயம். ஆம்ஸ்டர்டாமில் 1984-ல் உலகத்திலேயே முதல்முதலாக ஊசி மாற்றித் தரும் ஏற்பாடு தொடங்கியதே ஒரு மருந்துக்கடைக்காரர் விற்பனையை நிறுத்தியதால்தான். காமாலை பி பரவிவிடும் என்று பயந்து, போதைப் பழக்கம் உள்ளவர்களே சங்கம் வைத்து ஆரம்பித்தார்கள். உங்கள் கடையில் கிடைக்கவில்லை என்றால் அந்தப் பையன் குப்பையில் தேடுவான். தேடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மார்ச் 6

நாலு நாளாக எல்லோரும் ஊசி ஊசி என்றே பேசுகிறோம். நானும்தான். எனக்கு இந்த வேலையில் பெரிய பாடமாக அமைந்த ஒன்றைச் சொல்கிறேன்.

எங்களிடம் வந்த ஒரு குழு. ஒன்றாகப் பெயின்ட் வேலைக்குப் போகும் நண்பர்கள். ஆளுக்கொரு ஊசி, ஒருவர் ஊசியை மற்றவர் தொடவே மாட்டார்கள். அதில் அவர்களுக்கு ஒரு பெருமையே உண்டு. "அக்கா, நாங்க சுத்தம்க்கா" என்பான் அவர்களில் சின்னவன். ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எச்.ஐ.வி. யாருக்கும் இல்லை. ஆனால் எல்லோருக்கும் காமாலை சி. எப்படி என்று எனக்கே குழப்பம். அப்புறம் எங்கள் களப்பணியாளர் (அவரே ஒரு காலத்தில் ஊசி போட்டவர்) பொறுமையாக உட்கார வைத்து, முதலிலிருந்து கடைசிவரை என்னென்ன செய்வீர்கள் என்று கேட்டார். கரைப்பது ஒரே மூடியில். தண்ணீர் ஒரே பாட்டில். வடிகட்டும் பஞ்சு ஒன்றே. ஒருமுறை போட்ட ஊசியை மறுபடி அந்தத் தண்ணீரில் விட்டுக் கழுவியிருக்கிறார்கள். அவனவன் ஊசி அவனவனிடம்தான் இருந்தது, தண்ணீர் மட்டும் எல்லோருக்கும் பொது.

காமாலை சி வைரஸ் லேசில் சாகாது. சிரிஞ்சுக்குள் தங்கிய ரத்தத்தில் அது 63 நாள் வரைகூட உயிரோடு இருந்ததை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் போதும். அதனால்தான் ஊசி போடுபவர்களிடம் எச்.ஐ.வி.யைவிட காமாலை சி பல மடங்கு அதிகம். ஊசி கொடுப்பவர் கூடவே சுத்தமான தண்ணீர், பஞ்சு, மூடி, ஸ்பிரிட் துடைப்பான் எல்லாம் ஆளுக்குத் தனித்தனியாகக் கொடுக்க வேண்டும். பல இடங்களில் ஊசியோடு நின்றுவிடுகிறது.

மார்ச் 6, கொஞ்சம் கழித்து

சிரிஞ்ச் வகையும் முக்கியம், சொல்ல விட்டுப்போனது. இன்சுலின் சிரிஞ்ச் மாதிரி ஊசி பிரியாமல் ஒட்டியே இருப்பதில், அழுத்தி முடித்த பிறகு உள்ளே தங்கும் ரத்தம் மிகக் குறைவு. ஊசியைக் கழற்றி மாட்டும் வகையில் முனையிலும் கழுத்திலும் நிறையத் தங்கும். ஆனால் ஒல்லி ஊசியைக் கொடுத்தால் சிலர் வாங்க மாட்டார்கள், தங்களுக்குச் சரிப்படாது என்பார்கள். வேண்டாததைத் திணித்தால் பெட்டியில் கிடக்கும். எது வேண்டும் என்று அவர்களிடமே கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று எங்கள் கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது.

எண்ணிக்கையும் போதாது. ஒருவருக்கு ஆண்டுக்கு 300 ஊசியாவது போய்ச் சேர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2030-க்கு இலக்கு வைத்திருக்கிறது. தினமும் இரண்டு மூன்று முறை போடுபவனுக்கு அதுவே மூன்று முதல் ஐந்து மாதத்தில் தீர்ந்துவிடும்.

மார்ச் 8

பெண்களைப் பற்றி யாருமே கேட்கவில்லை. இன்று அதை எழுதிவிடுகிறேன்.

ஊசி போடும் பெண்கள் எங்கள் மையத்துக்கு வரவே மாட்டார்கள். வந்தால் ஊர் என்ன சொல்லும், பிள்ளையைப் பறித்துவிடுவார்களோ என்ற பயம். பலருக்குத் தானே போட்டுக்கொள்ளத் தெரியாது, கணவனோ கூட இருப்பவனோதான் போட்டுவிடுவான். அவன் முதலில் போட்டுக்கொள்வான், அதே ஊசியில் மிச்சத்தை இவளுக்கு. எப்போதும் இரண்டாவது ஆள் அவள்தான். 'தன் ஊசியைப் பகிர வேண்டாம்' என்ற நம் அறிவுரை அவளுக்கு எப்படிப் பொருந்தும்? அவளிடம் ஊசியே கிடையாதே. தொடர்ந்து வந்துகொண்டிருந்த ஒரு பெண் கர்ப்பமானபோது, பிரசவத்துக்குப் போன இடத்தில் பேசிய பேச்சில் அடுத்த முறை அந்தப் பக்கமே போகமாட்டேன் என்றுவிட்டாள். எச்.ஐ.வி. இருந்தாலும் கர்ப்பத்தில் கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குழந்தைக்குப் போகாமல் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அதைச் சொல்லக்கூட ஆளை உள்ளே விட வேண்டும் அல்லவா?

முதல் நாள் 'கொடுக்கத்தான் வேண்டும்' என்று ஒரே வரியில் முடித்தேனே, அதில் இப்போதும் மாற்றம் இல்லை. ஆனால் தெருமுனையில் ஆண்கள் கையில் ஊசியைக் கொடுத்தால் வீட்டுக்குள் இருப்பவளுக்குப் போய்ச் சேராது. அவளைத் தேடிப் போக ஒரு பெண் களப்பணியாளர் வேண்டும்.

மார்ச் 9

"மாத்திரையால் கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது, என்ன செய்வது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். தம்பி, இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போ. நாளைக்கு என்று தள்ளாதே.

மற்றவர்களுக்காக: மாத்திரை விழுங்குவதற்காகச் செய்யப்பட்டது. அதில் டால்க், மாவு எல்லாம் இருக்கும், அவை கரையாது. நரம்புக்குள் போனால் நுரையீரலின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். நரம்பு தவறித் தசையில் இறங்கினால் கட்டி, சீழ், சதை அழுகல். இன்னொன்று இதய வால்வில் தொற்று. தோலில் இருக்கும் கிருமி ஊசியோடு ரத்தத்தில் ஏறி வலது பக்க வால்வில் உட்கார்ந்துகொள்ளும். விட்டு விட்டுக் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல், நெஞ்சுவலி. பார்க்க நிமோனியா மாதிரியோ டி.பி. மாதிரியோ இருக்கும். ஊசி போடுபவர் என்று தெரியாவிட்டால் மருத்துவருக்கு அந்தச் சந்தேகமே வராது. ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் ரத்தத்தை எடுத்து கல்ச்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்ப வேண்டும், பெரும்பாலும் நாலு முதல் ஆறு வாரம் நரம்பு வழியே மருந்து ஏற்ற வேண்டும்.

ஆனால் உண்மையைச் சொன்னால் என்ன நடக்கிறது? எங்கள் பையன் ஒருவன் கையில் ஆழமான புண்ணோடு ஒரு மருத்துவமனைக்குப் போனான். ஊசி போடுவேன் என்று சொன்னான். "உனக்கெல்லாம் எதுக்குடா கட்டு" என்று காத்திருப்பு வரிசையில் எல்லோர் முன்னாலும் கேட்டார்கள். திரும்பி வந்துவிட்டான். அடுத்த முறை போனது கையை எடுப்பதற்கு. நானும் அதே தொழிலில் இருந்தவள், எழுதும்போதே கை நடுங்குகிறது. உங்களில் நர்ஸ், டாக்டர் யாராவது படித்தால்: அவன் சொன்னதற்கு 'சொன்னது நல்லதாப் போச்சுப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.

மார்ச் 11

ஒரு தங்கை கேட்டிருக்கிறார்: அண்ணனுக்கு காமாலை சி பாசிட்டிவ், ஆயுசு அவ்வளவுதானா?

இல்லைம்மா. முதலில், வந்தது எந்தப் பரிசோதனை என்று பார். ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றால் எப்போதோ கிருமி உள்ளே வந்தது என்று மட்டும்தான் அர்த்தம். நாலில் ஒருவருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். இப்போது கிருமி இருக்கிறதா என்று அறிய ஆர்.என்.ஏ. பரிசோதனை, அதாவது வைரல் லோடு எடுக்க வேண்டும். இருந்தால் மருந்து உண்டு. சோஃபோஸ்புவிர், கூட டக்லடாஸ்விர். பெரும்பாலானோருக்கு 12 வாரம் மாத்திரைதான், ஊசி கிடையாது. நூற்றில் 95 பேருக்கு மேல் முழுதாகக் குணமாகிறது. சோஃபோஸ்புவிர் 2013-ல் அமெரிக்காவில் வந்தபோது ஒருவருக்கு 84,000 டாலர். நம் நாட்டில் அதே மருந்தைக் கம்பெனிகள் உள்ளூரில் தயாரித்ததால் விலை தரைக்கு வந்தது. 2018 ஜூலை 28-ல் தேசிய கல்லீரல் அழற்சித் தடுப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

'போதையை விட்டுவிட்டு வா, அப்புறம் மருந்து' என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஊசி போட்டுக்கொண்டிருப்பவருக்கும் இந்த மருந்து வேலை செய்யும். குணமான பின் மறுபடி தொற்றலாம், தடுப்பூசி இதற்கு இல்லை, அதனால் புது ஊசியும் தனித் தண்ணீரும் தொடர வேண்டும். குணமானாலும் ஆன்டிபாடி பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும், பயப்படாதே. காமாலை பி-க்குத் தடுப்பூசி இருக்கிறது, மூன்று டோஸ். அண்ணனுக்கும் போடு, உனக்கும் போட்டுக்கொள்.

மார்ச் 12

பெயின்ட் வேலைக் குழுவுக்கு என்ன ஆனது என்று கேட்டவர்களுக்கு: எல்லோருமே மருந்து சாப்பிட்டார்கள். சின்னவனுக்குக் கடைசி ரிப்போர்ட்டில் கிருமி இல்லை என்று வந்தபோது, மையத்துக்கு லட்டு வாங்கி வந்து எங்களுக்கெல்லாம் கொடுத்தான்.

மார்ச் 14

போலீஸ் பற்றி நிறையப் பேர் கேட்கிறீர்கள். 2017-ல் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் வந்தது, 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 22-ஆம் பிரிவு, எச்.ஐ.வி. பரவலைக் குறைக்கச் செய்யும் ஏற்பாடுகள் குற்றமாகாது என்கிறது, சுத்தமான ஊசி கொடுப்பதும் அதில் அடக்கம். களப்பணியாளரை ஊசிப்பெட்டியோடு நிறுத்தி வைத்து விசாரிப்பது எங்களுக்கு வழக்கமாக நடந்தது. ஒரு காவல் ஆய்வாளருக்கு நாங்கள் நேரில் போய் விளக்கினோம். மனிதர் கேட்டுக்கொண்டார். அதன்பின் அவர் எல்லையில் எங்களுக்குத் தொல்லை இல்லை, அவரே இரண்டு பேரை எங்களிடம் அனுப்பினார். அவர் மாற்றலாகிப் போனதும் புதியவரிடம் முதலிலிருந்து.

"சட்டம் சரி, ஊசி கொடுத்து எங்காவது நின்றிருக்கிறதா?" அமெரிக்காவில் இண்டியானா மாநிலம், ஸ்காட் கவுன்டி. அதில் ஆஸ்டின் என்று ஒரு சின்ன ஊர், 4,200 பேர். அந்தக் கவுன்டியில் வருடத்துக்கு ஐந்து பேருக்குக்கூட எச்.ஐ.வி. வராது. 2015-ல் ஒரே வருடத்தில் 180 பேருக்கு மேல். அவர்களும் உங்கள் தெருப் பையன்கள் மாதிரி வலி மாத்திரையைத்தான் ஏற்றிக்கொண்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் காமாலை சி-யும் இருந்தது. ஊசி மாற்றித் தருவது அப்போது அந்த மாநிலத்தில் சட்டவிரோதம். ஆளுநர் மைக் பென்ஸ் அதற்கு எதிரானவர், ஆனாலும் மார்ச் மாதம் அவசரநிலை அறிவித்து அனுமதித்தார். ஊசி, பரிசோதனை, எச்.ஐ.வி. மருந்து மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்ததும் புதிய தொற்று சரிந்தது. 2021-ல் கவுன்டி நிர்வாகிகள் ஓட்டுப் போட்டு அந்த மையத்தை மூட முடிவு செய்தார்கள், இரண்டுக்கு ஒன்று. நோய் குறைந்துவிட்டதால் தேவையில்லை என்று நினைக்கத் தோன்றுகிறது. எங்கள் திட்டத்திலும் புது கேஸ் வராத வருடத்தில்தான் ஆட்களைக் குறைத்தார்கள்.

மார்ச் 15

போதை ஊசிக்குப் பதிலாக மையத்தில் கொடுக்கும் மாற்று மருந்து (ஓ.எஸ்.டி.) பற்றி ஒரு வார்த்தை. நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை, மையத்தில் தினமும் நர்ஸ் கண்ணெதிரில். ஊசிக்குப் போகும் அவசியமே குறைகிறது, வேலைக்குப் போக முடிகிறது, எச்.ஐ.வி. மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட முடிகிறது. ஒரு சிக்கல்: டி.பி. மருந்தில் ரிஃபாம்பிசின் இருக்கிறது. அது புப்ரெனார்ஃபினை உடம்பில் சீக்கிரம் குறைத்துவிடும். கை கால் குடைச்சல், வாந்தி, தூக்கமின்மை வந்துவிடும். டி.பி. மாத்திரையால்தான் இப்படி என்று டி.பி. மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாதீர்கள், மையத்தில் சொல்லி அளவைக் கூட்டச் சொல்லுங்கள். இந்த விஷயத்தில் இரண்டு பிரிவு மருத்துவர்களும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வதே இல்லை. சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நடுவில் ஓடியது நாங்கள்தான்.

மார்ச் 17

முதல் கேள்வி கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் அந்தத் தொண்டு நிறுவனத்துக்காரரிடம் பேசினாராம். தெருவில் கிடக்கும் பழைய ஊசிகள்தான் அவருக்குப் பெரிய கவலை, குழந்தைகள் செருப்பில்லாமல் ஓடுகிறார்கள்.

நியாயம். ஊசி கொடுக்கும் ஆளிடமே பழையதைத் திருப்பி வாங்கச் சொல்லுங்கள், அதுவும் அவர் வேலைதான். மூடியுள்ள கெட்டியான டப்பா கேளுங்கள். கையால் எடுக்காதீர்கள், இடுக்கி வையுங்கள், ஊசிக்கு மூடி மாட்ட முயலாதீர்கள். யார் காலிலாவது குத்திவிட்டால் பிழிய வேண்டாம், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள். தேவை என்றால் முதல் சில மணி நேரத்தில் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். குழந்தையின் காமாலை பி தடுப்பூசி அட்டையையும் எடுத்துப் போங்கள். பரிசோதனைக்கு எங்கே போவது என்று பையன்கள் கேட்டால் நம்பிக்கை மையம், இல்லையென்றால் 1097-க்குப் போன், காசு கிடையாது.